தேக்கடியில் மதினி ஓடியது

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், வேதக்கோயிலில் ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எழுந்து பேசச் சொன்னால் பின்னால் போய் நின்றுகொள்வேன். தேக்கடிக்குப் போய்வந்து எழுதியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். படகில் போனதையும் மானைக் கண்டதையும் அவர்கள் அழகாக எழுதியிருப்பார்கள். எனக்கு அழகாக எழுத வராது. அங்கே என் மதினி யானையின் காலில் மிதிபடப் பார்த்தாள். தப்பித்த பிறகு ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு ‘வாங்க, போங்க’ என்று பேச்சை மாற்றிக்கொண்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் ‘அவள்’ என்றுதான் வருகிறது.

நாங்கள் இரண்டு பேரும் சிவகாசிக்குக் கிழக்கே ஒரு வேட்டாபீசில் வேலை பார்த்தோம். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எனக்கு லேபிள் ஒட்டும் கொட்டகையில் வேலை. அது கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது, மருந்து அங்கே வராது. மதினிக்கு மருந்து செலுத்தும் ரூம். வெடிக்குள்ளே போகும் கலவையைத்தான் மருந்து என்போம். அதிலுள்ள அலுமினியப் பொடி விரல் இடுக்குகளில் ஏறினால் எந்தச் சோப்புக்கும் போகாது. கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்க எல்லாரும் கை நீட்டும்போது அவள் கை மட்டும் மினுமினுவென்று இருக்கும்.

மருந்து ரூம் என்பது வெட்டவெளியில் தனித்தனியாகக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரெதிரே வாசல்கள். வாசலில் எதையும் வைக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே போர்மேன் அண்ணாச்சி நிற்கவைத்துச் சொல்வார்: “சத்தம் கேட்டா யோசிக்கக் கூடாது. எந்த ரூமு, எவ ரூமுன்னு திரும்பிப் பாக்கக் கூடாது. சுவத்தோரம் நிக்காதே, மரத்தடியில நிக்காதே. வெட்டவெளியப் பாத்து ஓடு. ஓடிக்கிட்டே இரு.” மருந்து ரூம் பெண்களுக்கு இது மனப்பாடம். லேபிள் கொட்டகைக்காரிகளான எங்களுக்கு யாரும் இவ்வளவு அழுத்திச் சொன்னதில்லை.

தேக்கடிக்குப் போனதற்கு முந்தின வருஷம் ஆடி மாதத்தில் மதினி ரூமுக்கு அடுத்த ரூம் போனது, அதாவது வெடித்தது; தீ இவள் ரூமுக்கும் தாவியது. மதினி ஓடினாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் எழுந்தவள்தான். ஆனால் மூலையிலிருந்த தூக்குவாளியை எடுக்கத் திரும்பியிருக்கிறாள். வாசல் வரைக்கும் அவள் வரவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே வழக்குத்தான். அண்ணன் அச்சாபீசில் மெஷினில் நின்றார். சாயங்காலம் வந்து கை கழுவும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“நீ மருந்து ரூமுக்குப் போக வேண்டாம். தீப்பெட்டி ஒட்டு, லேபிள் ஒட்டு, வீட்டுல இரு. எதுனாலும் சரி.”

“ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“செத்தாத்தான் நிப்பியா?”

“ஓடத் தெரியாதவளுக்குச் சொல்லுங்க. நான் ஓடத் தெரிஞ்சவ. அவ தூக்குவாளியத் தேடினா. நான் தேடல. புத்தி இருந்துச்சு, பொழச்சேன்.”

இதற்கு மேல் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். மதினி சொன்னது பொய்யும் அல்ல. மருந்து ரூமில் அவளுக்கு இணையான கை கிடையாது. போர்மேனே அவளிடம் கேட்டுத்தான் புதுசாக வருகிறவர்களை உட்காரவைப்பார். தான் பிழைத்தது தன் சாமர்த்தியத்தால் என்று அவள் திடமாக நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் தினமும் காலையில் அந்த ரூமுக்குள் நுழைந்தாள்.

தீபாவளிச் சீசன் முடிந்து லோடெல்லாம் போன பிறகு முதலாளி ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து, எல்லாரும் தேக்கடிக்குப் போய் வாருங்கள் என்று சொன்னார். கிளம்புகிற அன்றைக்கு அண்ணன் மதினியிடம், “போய் நாலு மரம் மட்டையப் பாரு. மனசு தெளிஞ்சு வந்து ஒரு முடிவு சொல்லு” என்றார். மதினி சிரித்துக்கொண்டே புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் துணியில் கட்டினாள்.

பஸ்ஸில் முக்கால்வாசி பெண்கள். பேக்கிங் கொட்டகையிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தாள். உசிலம்பட்டி தாண்டும்வரை அவள் வாய் ஓயவில்லை.

“அண்ணாச்சி, யானையக் கண்டா மொதல்ல யாரு ஓடுவா?”

“ஒன்னயக் கண்டா யானைதாம்மா மொதல்ல ஓடும்” என்றார் போர்மேன் அண்ணாச்சி.

“பாத்தீகளா, முதலாளி இல்லைன்னதும் இவுகளுக்கு வாய் வந்துருச்சு.”

கம்பம் தாண்டி மலையில் ஏறத் தொடங்கியதும் பேச்சு நின்றுபோனது. எங்களுக்கு மரம் என்றால் வேம்பும் பனையும் கருவேலமும்தான். அவற்றினூடே அந்தப் பக்கம் வானம் தெரியும். இங்கே இரண்டு பக்கமும் வானமே இல்லை. பகலிலே பஸ்ஸுக்குள் இருட்டிவிட்டது. என் பக்கத்தில் இருந்த பெண் கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஜன்னல் கம்பியை விடவே இல்லை.

இப்போது அந்தக் காட்டுக்குத் தேசியப் பூங்கா என்று பலகை வைத்திருக்கிறார்களாம். அப்போது நாங்கள் சரணாலயம் என்று கேள்விப்பட்டிருந்தோம். வாசலில் காக்கிச் சட்டை போட்ட காட்டுக் காவலர் ஒருவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தார். கம்பம் பக்கத்துக்காரர், அமைதியான மனிதர். “தீப்பெட்டி, பீடி இருந்தா இங்கேயே வச்சிருங்க. காட்டுக்குள்ள நெருப்பு ஆகாது” என்றார்.

சொல்லி முடிக்கவில்லை, எங்கள் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்று கையை விரித்துக் காட்டி, இடுப்புச் செருகலை அவிழ்த்து உதறி, முந்தானையையும் உதறிக் காட்டினார்கள். வேட்டாபீஸ் கேட்டில் தினமும் நடப்பதுதான். காவலர் பதறிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அது எங்க ஊருப் பழக்கம், தப்பா நெனக்காதீக” என்று போர்மேன் அண்ணாச்சி சிரித்தார். பிறகு பையிலிருந்து ஒரு வெடிப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். சிவகாசிக்காரர்கள் எங்கே போனாலும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். கல்யாண வீடானாலும் சரி, டாக்டரைப் பார்க்கப் போனாலும் சரி, பட்டாசுப் பொட்டலம் கூடவே போகும். காவலருக்கு முகம் மலர்ந்தது.

“எங்களுக்கு இது ரொம்ப உபயோகம். எங்ககிட்ட உள்ள வெடியெல்லாம் மழையில நமுத்துப் போச்சு. ஆனை நெருங்கி வந்தா கொளுத்திப் போடத்தான் நாங்க வச்சிருக்கிறது” என்று தோளில் மாட்டியிருந்த பையில் போட்டுக்கொண்டார். அதை அங்கே யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: “ஆனையக் கண்டா ஓடப்படாது. மரத்தோட ஒட்டி நிக்கணும். என்ன நடந்தாலும் வெளியில போகப்படாது.”

“கேட்டுக்கிட்டீகளா? ஓடக் கூடாது” என்று போர்மேன் அண்ணாச்சியும் திருப்பிச் சொன்னார். எல்லாரும் சரி என்று தலையாட்டினோம். மதினியும் ஆட்டினாள்.

ஏரியைக் கண்டதும் நான் நின்றுவிட்டேன். வருஷத்தில் பாதி நாள் வெடித்துக் கிடக்கிற கண்மாயைப் பார்த்து வளர்ந்தவள் நான். எங்கள் தண்ணீரெல்லாம் இங்கே வந்து கிடக்கிறதா என்று கோபம்கூட வந்தது. அணை கட்டியபோது முழுகிப் பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்குள் கறுப்பாக நின்றன. கிளை இல்லை, இலை இல்லை. கொட்டகை எரிந்த பிறகு நிற்கிற தூண்களைப் போல இருந்தன. மதினி அவற்றைப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தாள்.

ஏரியை ஒட்டி மரங்களுக்குள்ளே ஒற்றையடிப் பாதை போனது. மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். பாதி பேருக்குக் காலில் செருப்பு கிடையாது. கொஞ்ச தூரம் போனதும் ஒருத்தி, “ஐயோ, ரத்தம்!” என்று கத்தினாள். எல்லாரும் குனிந்து பார்த்தோம். எல்லார் காலிலும் ரத்தம். வலியே தெரியவில்லை, ஆனால் கணுக்காலிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. “அட்டைதான், பயப்படாதீங்க” என்றார் காவலர். பேக்கிங் அக்கா தன் புகையிலையை மென்று எல்லார் காலிலும் துப்பிக்கொண்டே வந்தாள். “ஊருல யாருக்கும் சோறுதான் போடலை, இதுகளுக்கு ரத்தமாவது குடுத்துட்டுப் போங்கடி” என்றாள். சிரித்தோம். எனக்குள்ளே மட்டும் திகில் போகவில்லை. நம் உடம்பிலிருந்து ரத்தம் போகிறது, நமக்குத் தெரியாமலே போகிறது.

உயரத்தில் ஒரு கிளையில் பூனை அளவுக்கு ஓர் அணில் இருந்தது. வாலை நீளமாகத் தொங்கவிட்டு எங்களைப் பார்த்தது. முகமெல்லாம் கறுத்த மந்திக் கூட்டம் ஒன்று ஊளையிட்டது. மிளா மான் ஒன்று தண்ணீர் ஓரத்தில் தலையைத் தூக்கி நின்று, பாதத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. இதையெல்லாம் நின்று ரசிக்க எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் திடீரென்று தோன்றி, எதிர்பாராத அளவில் இருந்து, திடீரென்று மறைந்தது. “இதெல்லாம் இம்புட்டு நாளும் இங்கனதான் இருந்துச்சா?” என்று மதினி என் காதில் கேட்டாள். “நாம அங்கன வேட்டு செஞ்சுக்கிட்டு இருந்தப்பவும் இருந்திருக்கு” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பாதை ஓரிடத்தில் காட்டின் விளிம்புக்கு வந்தது. எங்களுக்கு முன்னால் புல் சரிவு. சரிவின் கீழே சேறும் தண்ணீரும். காவலர் சட்டென்று கையைத் தூக்கினார். இடது பக்கம் மூங்கில் புதருக்குள்ளிருந்து ஒரு யானை வெளியே வந்தது. அதன் காலடியில் ஒரு குட்டி.

கோயில் யானையைப் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை. இதன் மேலே மண் அப்பியிருந்தது. காதை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றது. எங்கள் வாசம் அதற்கு எட்டிவிட்டது என்று காவலர் மெல்லச் சொன்னார். எல்லாரையும் பின்னால் மரங்களுக்குள் தள்ளினார். நான் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டேன். மதினி என் பக்கத்து மரத்தில் ஒட்டி நின்றாள். அதுவரைக்கும் எல்லாரும் சொன்னபடிதான் நின்றார்கள்.

யானை எங்களை நோக்கி நாலைந்து எட்டு வைத்தது. நின்றது. மறுபடி வந்தது. காவலர் பையிலிருந்து ஒரு வெடியை எடுத்துக் கொளுத்தி, அதற்கும் எங்களுக்கும் நடுவே எறிந்தார்.

எங்கள் வேட்டு. ஒரு தடவை வெடித்தது. அந்தச் சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்து இரண்டாவதாக வெடித்தது. அதற்கு அடுத்த மலையிலும் மோதி மூன்றாவதாக வெடித்தது. மலைச் சத்தம் எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சத்தம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு ரூம் போய், அடுத்த ரூமும் பற்றிக்கொண்டுவிட்டது.

மருந்து ரூம் பெண்கள் அத்தனை பேரும் மரங்களை விட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை இல்லாமல், திரும்பிப் பார்க்காமல், புல் சரிவில் நாலு பக்கமும் சிதறி ஓடினார்கள். போர்மேன் அண்ணாச்சியும் ஓடினார். காவலர், “ஓடாதீங்க! மரத்துக்கு வாங்க! மரத்துக்கு வாங்க!” என்று கத்தினார். மரத்தடியில் நிற்காதே என்று வருஷக்கணக்காகக் கேட்ட காதுகளுக்கு அது ஏறவே இல்லை. நின்றது லேபிள் கொட்டகைக்காரிகளான நாங்களும் பேக்கிங் அக்காவும்தான்.

யானை சத்தத்துக்குப் பயந்து திரும்பிவிட்டது. குட்டிதான் மிரண்டு தனியே தண்ணீர்ப் பக்கம் ஓடிவிட்டது. மதினியும் அந்தப் பக்கம்தான் ஓடினாள். முன்னால் குட்டி, பின்னால் தாய், நடுவிலே மதினி. குட்டி வீறிட்டுக் கத்தியது. தாய் யானை திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு ஓடிவந்தும் சத்தமே கேட்கவில்லை.

மதினி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. முதுகுக்குப் பின்னால் யானை வருகிறது, அவள் குட்டியை நோக்கி ஓடுகிறாள். நான் ‘மதினி’ என்று கூப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட பெயரைச் சொல்லி, “ஏட்டி, திரும்புட்டி!” என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை. அவள் காதில் விழவில்லை.

சேற்றில் கால் புதைந்து குப்புற விழுந்தாள். யானை அவள்மேல் வந்துவிட்டது. நான் கண்ணை மூடவில்லை, மூட முடியவில்லை. ஒரு கால் அவள் தலைக்கு இந்தப் பக்கம் இறங்கியது. இன்னொரு கால் இடுப்புக்கு அந்தப் பக்கம். பிறகு அது அவளைத் தாண்டிப் போயிருந்தது. குட்டியைத் துதிக்கையால் அணைத்து வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு, கரையோரமாகவே நடந்து மூங்கிலுக்குள் மறைந்தது. காவலர் கையில் இன்னொரு வெடி இருந்தது. அவர் அதைக் கொளுத்தவில்லை.

நாங்கள் இறங்கி ஓடினோம். மதினி இரண்டு கைகளாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு சேற்றில் கிடந்தாள். புரட்டிப் போட்டேன். மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்தாள். முகமெல்லாம் சேறு. என்னைப் பார்த்து, ரொம்ப நிதானமாகக் கேட்டாள்:

“எந்த ரூம் புள்ள?”

எனக்கு விளங்கவில்லை.

“எந்த ரூம் போச்சு? யாரெல்லாம் வெளிய வந்துட்டாக?”

 சுற்றி நின்றவர்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். சரிவின் அந்தப் பக்கத்திலிருந்து போர்மேன் அண்ணாச்சி வந்தார். வேட்டி பாதி கிழிந்து தொங்கியது. மதினி கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

“ரூம் இல்ல மதினி, தேக்கடி. நாம தேக்கடிக்கு வந்திருக்கோம். யானை வந்துச்சு” என்றேன்.

“யானையா? எங்கன?”

அவள் தலைக்குப் பக்கத்தில் இருந்த குழியைக் காட்டினேன். முறம் அளவுக்கு வட்டமாக இருந்தது. அதற்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. மதினி அதற்குள் கையை விட்டுப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

காவலர் கையிலிருந்த வெடியைப் பைக்குள் திரும்பப் போட்டார். கோபமா, பயமா என்று சொல்ல முடியாத குரலில், “வெடிச்சா ஆனைதானே ஓடணும்? மனுசங்க ஏன் ஓடுறீங்க? நீங்க செஞ்ச வெடிதானே?” என்றார். போர்மேன் அண்ணாச்சி சேற்றிலிருந்து எழுந்து கிழிந்த வேட்டியை முடிந்து கட்டிக்கொண்டார். 

திரும்பி வரும்போது புளிச்சோற்றை யாரும் பிரிக்கவில்லை. பஸ் மலை இறங்கியது. பிறகு பேக்கிங் அக்கா, “யானை ஓடல, அண்ணாச்சிதான் ஓடுனாரு” என்று மெல்லச் சொன்னாள். நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்பு சரியாக வரவில்லை, நின்றுவிட்டது.

மதினி என் பக்கத்தில் இருந்தாள். சேறு காய்ந்து சேலை விறைத்திருந்தது. தேனி வந்த பிறகுதான் பேசினாள்.

“நீ ஏன் ஓடல?”

“தெரியல மதினி. மரத்தப் பிடிச்சிருந்தேன்.”

“நானும் பிடிச்சித்தான் இருந்தேன். ஓடக் கூடாதுன்னு அந்த ஆளு சொன்னது ஞாபகத்துல இருந்துச்சு. நான் ஓடணும்னு நெனக்கல புள்ள. காலு ஓடுச்சு.”

சேலையில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள்.

“அன்னைக்கும் இப்படித்தான் ஓடியிருக்கேன். புத்தியால பொழச்சேன்னு ஒங்க அண்ணன்கிட்ட அம்புட்டு சண்டை போட்டேன். புத்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்கு வாசல் அந்தப் பக்கம் இருந்துச்சு. அம்புட்டுத்தான். அவளும் தூக்குவாளிய எடுக்கணும்னு நெனச்சிருக்க மாட்டா. அவ கையி எடுக்கப் போயிருக்கும்.”

இறந்துபோனவளைப் பற்றி அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்து கிடந்தது. பஸ் எங்கேயோ குழியில் இறங்கி டமாரென்று சத்தம் கேட்டது. பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். மதினியும் எழுந்துவிட்டாள். பிறகு ஒவ்வொருவராக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலையில் வேலைச் சங்கு ஊதியபோது மதினி படுத்தே இருந்தாள். அண்ணன் ஒன்றும் கேட்காமல் வேட்டாபீசுக்குப் போய், அவள் இனிமேல் வரமாட்டாள் என்று போர்மேனிடம் சொல்லிவிட்டு அச்சாபீசுக்குப் போனார். கேரளத்துத் திருவிழா ஆர்டர் ஒன்று இருந்ததால் மருந்து ரூமில் அன்றைக்கே வேறொருத்தியை உட்காரவைத்தார்கள். நான் சாயங்காலம் வரை லேபிள் ஒட்டினேன்.